ரெண்டு ரூபாய் ஏரி

1. கைதட்டல்

அத்திமேட்டுச் சித்தேரியின் மதிப்பு வீட்டுக்கு, வருஷத்துக்கு, ஏறத்தாழ இரண்டு ரூபாய் என்று எங்கள் ஆபீசர் தட்சிணாமூர்த்தி சார் மீட்டிங்கில் வாசித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கொஞ்சம் பலமாகவே தட்டினேன் என்று ஞாபகம். அந்த இரண்டை வீடு வீடாகப் போய் எழுதிக்கொண்டு வந்தவள் நான்தானே.

எண்பதுகளின் தொடக்கம் அது. புதுச்சேரியில் ஒரு புள்ளிவிவர ஆபீஸ். எது என்று சொல்ல மாட்டேன், இன்னும் பென்ஷன் வாங்குகிறேன். அதில் நான் தற்காலிக இன்வெஸ்டிகேட்டர். பெயர் பிலோமினா. வில்லியனூர்ப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் கிராமம்தான் சொந்த ஊர். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. ஏரி என்றால் எனக்கு பஸ் ஜன்னலில் தெரியும் தண்ணீர், அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போகிற என் அசட்டுத்தனத்துக்கெல்லாம் இதுதான் காரணம்.

2. சொல்லக்கூடாத வார்த்தைகள்

கரிக்கலாம்பாக்கத்தைத் தாண்டி ஏம்பலம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிற சின்ன ஊர் அத்திமேடு. நூற்றுச்சொச்சம் வீடு. சித்தேரிக்குக் கீழேதான் ஊராருடைய நஞ்சை முழுக்க. அந்த ஏரியைத் தூர்த்து வீட்டுமனை போடலாம் என்று ஒரு ஃபைல் ஓடிக்கொண்டிருந்தது. மனை போட்டால் எவ்வளவு லாபம் என்று வேறொரு ஆபீஸ் எழுதிக் கொடுத்துவிட்டது. ஏரியாகவே இருந்தால் ஜனங்களுக்கு எவ்வளவு பெறுமானம் என்று சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு. எது பெரிசோ அது ஜெயிக்கும். ஜெயிக்கப்போவது எது என்று ஆபீஸ் பியூனுக்கே தெரியும், ஆனாலும் சர்வே நடத்த வேண்டுமே.

தட்சிணாமூர்த்தி சார் அப்போதுதான் வெளிநாட்டில் மூன்று மாத ட்ரெயினிங் முடித்துத் திரும்பியிருந்தார். போகும்போது டீ குடிக்கிறவர், வரும்போது பால் இல்லாத காபிக்காரராகிவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. காகிதத்தை நம்புகிறவர், அதுதான் அவரிடம் இருந்த கோளாறு.

"சந்தையில விக்காத பொருளுக்கும் விலை கண்டுபிடிக்கலாம், மிஸ் பிலோமினா. சுத்தமான காத்து, ஏரி, குளம், கொக்கு, எல்லாத்துக்கும். எப்படித் தெரியுமா?"

"எப்படி சார்?"

"ஜனங்களையே கேட்டுட வேண்டியதுதான்!"

அதற்காக மூன்று மாதம் கப்பலேற்றி அனுப்பினார்களா என்று நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. என் வேலை அப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கப்படுகிற வேலை.

கேள்வித்தாளை எங்கள் ஆபீசில் ஷெட்யூல் என்போம். அதில் பதினோராவது கேள்விதான் உயிர்நாடி. 'ஏரியைப் பராமரிக்க உங்கள் குடும்பம் ஆண்டுக்கு எவ்வளவு கொடுக்க விரும்பும்?' பக்கத்தில் ஒரு கட்டம், கட்டத்துக்கு முன்னால் 'ரூ.' என்று அச்சடித்திருக்கும். ஒத்திகைக்காக வில்லியனூர்ப் பக்கம் ஒரு தெருவில் அப்படியே படித்துப் பார்த்தேன். மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏரிக்கும் வரி போட்டுட்டீங்களா? பிரெஞ்சுக்காரன் இருந்தப்பகூட இத போடலியே! எய்ந்து போம்மா நீ!"

அவர் போட்ட சத்தத்தில் தெருவில் மிச்சமிருந்த கதவெல்லாம் சாத்திக்கொண்டன. ஆபீசுக்கு வந்து சொன்னேன். சார் பால் இல்லாத காபியை ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார்.

"ரூபாய், பணம், காசு. இந்த மூணு வார்த்தையும் இனிமே உங்க வாய்ல வரக்கூடாது. ஏரியத் தூர்க்கப் போறதையும் மூச்சு விடக்கூடாது. சொன்னா பதில் ஒரு பக்கமா சாஞ்சுடும், பயஸ் வந்துடும். அப்புறம், இந்த எழுத்துத் தமிழ் வேண்டாம். ஊர் பாஷைல நேச்சுரலா கேளுங்க."

நான் அன்றைக்கு பஸ்ஸிலேயே உட்கார்ந்து கேள்வியை ஊர் பாஷையாக்கினேன். 'பராமரிக்க' என்பதை மராமத்து ஆக்கினேன். 'எவ்வளவு' என்பதை எத்தினி ஆக்கினேன். "ஏரி மராமத்துக்கு வருஷத்துக்கு உங்க வூட்ல எத்தினி குடுப்பீங்க?" மறுநாள் சாரிடம் சொல்லிக் காட்டினேன். எக்ஸலன்ட் என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

3. அரை, ஒண்ணு, ரெண்டு

மாசி மாசம் அத்திமேட்டுக்குப் போனேன். அடடா, அதுபோல் ஒரு ஃபீல்டு வேலை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. யாரும் கதவைச் சாத்தவில்லை. மோர் கொடுத்தார்கள், முறம் நிறைய வேர்க்கடலை கொண்டுவந்து வைத்தார்கள். கையில் காகிதம் இருந்ததால் எல்லோருக்கும் நான் டீச்சர்.

முதல் வீடு அஞ்சலையுடையது. மதகை ஒட்டி அரைக் காணி நஞ்சை வைத்திருந்த பெண்பிள்ளை. புருஷன் இல்லை, கல்யாண வயசில் இரண்டு மகன்கள். கேள்வியை நான் முடிக்கக்கூட இல்லை.

"ரெண்டு, எழுதிக்கோ டீச்சர்!"

யோசிக்காமல் வந்த பதில். கட்டத்தில் 2 என்று எழுதினேன். அடுத்த வீட்டில் ஒன்று. அதற்கடுத்த வீட்டில் ஒரு முட்டிவலிக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்: "எங்க வூட்ல அரைதாம்மா. தப்பா நெனச்சிக்காத." பாவம், ஏழை என்று 0.50 எழுதினேன். இன்னொரு வீட்டில், "மூணு குடுக்கறோம், ஆனா வெய்யிலுக்கு முன்னாடி அனுப்பிடணும்" என்றார்கள். எதை அனுப்புவது, மணியார்டரையா என்று ஒரு கணம் குழம்பினேன். 3 என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். கடைசித் தெருவில் ஒரு அம்மா, "ஒண்ணுதான் இப்ப கீது. இன்னொண்ணு கடலூருக்குப் போயிருக்குது, வந்தா அதையும் சேர்த்துக்கோ" என்றாள். குறிப்புக் கலத்தில் 'கையிருப்பு குறைவு' என்று முத்து முத்தாக எழுதினேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கடலூருக்கு பஸ் ஏறிப் போன ரூபாயைப் பற்றி எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் வரவில்லை. நூற்றுச்சொச்சம் ஷெட்யூலையும் ஸ்க்ரூட்டினி செய்த இரண்டு பேருக்கும் வரவில்லை. எண்கள் அவ்வளவு ஒழுங்காக இருந்தன. அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு, மூன்று. இரண்டும் மூன்றும்தான் அதிகம். சராசரி போட்டோம். அறிக்கை டைப்பாகி, சைக்ளோஸ்டைலாகி, பச்சை அட்டை போட்டு மீட்டிங்குக்குப் போனது. கைதட்டினோம். மனைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சித்தேரி ஒன்றுமே இல்லை என்று தீர்ந்துபோனது.

4. பின்ன, ஆடா?

சித்திரை கடைசியில் சில ஷெட்யூலில் கைநாட்டு விட்டுப்போயிருக்கிறது என்று ஆடிட்டில் சொன்னார்கள். வாங்கிவர மறுபடி அத்திமேட்டுக்குப் போனேன். ஊருக்குள் நுழையும்போதே அஞ்சலை ஓடிவந்தாள்.

"வந்துட்டியா டீச்சர்! ஏம்மா, இப்படியா பண்றது? எந்த நாளுன்னு சொல்லாமயே போயிட்டியே. பதினஞ்சு நாளா என் புள்ளைங்கள வேற வேலைக்கு அனுப்பாம வூட்லயே குந்தவெச்சிகினு கீறேன்!"

"எதுக்கு நாளு?"

"மராமத்துக்கு. நீதான எத்தினி குடுப்பன்னு கேட்ட? ரெண்டுன்னு சொன்னேன், எழுதிகினு போனியே. மொத்தம் எத்தினி ஆளு சேர்ந்துச்சி நம்மூர்ல?"

"ஆளா?"

"பின்ன, ஆடா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஊரில் ஏரியில் வண்டல் எடுக்க, கரை கட்ட, வீட்டுக்கு வீடு ஆள் கொடுப்பது வழக்கம். மராமத்துக்கு எத்தினி குடுப்பீங்க என்றால் எத்தனை ஆள் அனுப்புவீர்கள் என்று அர்த்தம். வேறு அர்த்தமே அங்கே கிடையாது. முட்டிவலிக்காரர் அரை ஆள். கடலூருக்குப் போனது பெரிய மகன். அந்த அம்மா என்னிடம் தன் வீட்டுப் பிள்ளைகளை எண்ணிச் சொல்லியிருக்கிறாள், நான் சில்லறை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ஐயோ சேசுவே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

சாருடைய கட்டளையெல்லாம் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. உள்ளதை அஞ்சலையிடம் சொன்னேன். மராமத்து எதுவும் இல்லை, ஏரியைத் தூர்க்கலாமா வேண்டாமா என்று பார்க்கத்தான் கேட்டோம் என்றேன். அவள் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

"அடிப்பாவி! அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா உனக்கு? ஏரிய மூடப் போறாங்கன்னு சொல்லியிருந்தா ரெண்டா சொல்லியிருப்பேன் நானு? வேர்க்கடல துன்னுட்டு போனியே, நாக்குல நரம்பு இல்ல?"

அதற்குள் ஆண்களும் பெண்களுமாகப் பத்திருபது பேர் கூடிவிட்டார்கள். என்னைத் திட்டாதவர் பாக்கியில்லை. திட்டி முடித்ததும் முட்டிவலிக்காரர்தான் சொன்னார்: "கெவுருமென்டு வந்தா வரட்டும், வராங்காட்டி போவட்டும். ஆளுதான் சேர்ந்துபோச்சே. வர்ற திங்கக்கெழமையே எறங்கிடலாம்." என் பட்டியல் அவர்களுக்கு மராமத்துப் பட்டியலாகிவிட்டது. ஒரு பிரதி எழுதிக் கொடு என்று அஞ்சலை கேட்டாள். ஆபீஸ் ரகசியம்தான், ஆனாலும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.

5. கோபத்துக்குக் கோடு இல்லை

"யூனிட் மாறிப்போச்சா?" என்றார் தட்சிணாமூர்த்தி சார். "அதெப்படி? ஃபார்ம்ல ரூபாய்ன்னு பிரிண்ட் ஆயிருக்கே."

"ஃபார்ம்ல இருக்குது சார். நான் கேட்ட கேள்வில இல்ல. நீங்கதான் சொல்லக்கூடாதுன்னீங்க."

"அறிக்கைக்கு அட்டையே போட்டாச்சேம்மா!"

அட்டைதான் அவருக்குக் கவலை. ஆனாலும் மனசு கேட்காமல் மறுநாள் அவரே ஜீப்பில் என்னோடு வந்தார். கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டால் சரியான விலை கிடைத்துவிடும் என்பது அவர் எண்ணம். கொடுப்பீர்களா என்று கேட்காமல் வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்பது. வெளிநாட்டில் அப்படியும் ஒரு முறை உண்டாம். இந்தத் தடவை ரூபாய் என்றே சொன்னார்.

"இந்த ஏரிய அரசாங்கம் எடுத்துக்கிட்டா எவ்வளவு ரூபாய் வாங்கிக்குவீங்கம்மா? தயங்காம சொல்லுங்க. எவ்வளவு வேணா சொல்லலாம்."

அஞ்சலை அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏரி இன்னா எங்கப்பன் வூட்டு சொத்தா சார், நான் வெல சொல்றதுக்கு? ஊரு சொத்து. நான் ஒரு தொக சொன்னேன்னு தெரிஞ்சா ஊர்ல என்ன வெளக்கமாத்தாலயே அடிப்பாங்க. நீ கெளம்பு சார்."

அந்தத் தெருவில் எல்லோருமே அதைத்தான் சொன்னார்கள். சிலர் சாருடைய அம்மாவையும் பேச்சில் சேர்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் ஆபீசில் சார் அன்றைய புது ஷெட்யூல்களை எடுத்து வரிசையாகப் பூஜ்யம் போட ஆரம்பித்தார்.

"என்னா சார் இது?"

"தொகை சொல்லலியே. பதில் இல்லேன்னா ஜீரோ. கோடிங் ரூல்."

"பதில் இல்லாமயா சார்? அரை மணி நேரம் பதில் சொன்னாங்களே!"

"அது கோபம்மா. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கோடு நம்பர் இருக்கு. கோபத்துக்குக் கோடு இல்ல."

எந்த விலைக்கும் தரமாட்டேன் என்றவர்கள் ஒரு பைசாவும் வேண்டாம் என்றவர்களாகிவிட்டார்கள். மாசியில் இரண்டு ரூபாயாக இருந்த ஏரி சித்திரையில் பூஜ்யமாகிவிட்டது. ஏரி என்னவோ அங்கேயேதான் கிடந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சார் வீட்டுக்குக் கிளம்பியதும் சிவப்பு மசிப் பேனாவை எடுத்தேன். மாசி மாதத்து ஷெட்யூல் ஒவ்வொன்றிலும் 'ரூ.' என்பதை அடித்து 'ஆள்' என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அரசாங்கக் காகிதத்தில் கை வைத்தால் வேலை போகும் என்று தெரியும். அப்பா வேலை பார்த்த பஞ்சாலை அப்போது பாதி நாள் ஓடவில்லை, என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. ஆனாலும் கடைசித் தாள்வரை அடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மூன்றாம் நாள் மெமோ வந்தது. 'உங்கள்மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது?' என்று கேட்டிருந்தார்கள். ஏன் செய்தாய் என்று கேட்டால் நான் காரணம் சொல்லலாம். ஏன் எடுக்கக் கூடாது என்று கேட்டால் காலில்தான் விழ வேண்டும். எங்கள் ஆபீசிலும் கேள்வி தயாரிக்கத் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள் பாருங்கள்.

விசாரணைக்கு எங்கள் துறைச் செயலரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அதிகம் பேசாத மனுஷர். சிவப்பு மசியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எதும்மா உண்மை, ரூபாயா, ஆளா?" என்றார்.

"நான் சொன்னா நம்பாதீங்க சார். திங்கட்கிழமை நேர்ல போய் எண்ணிக்குங்க."

போனார். கலைந்த தலையும் சேறுமாகச் சித்தேரிக்குள் ஊரே இறங்கியிருந்தது. முட்டிவலிக்காரர் கரையில் உட்கார்ந்து கூடை எண்ணிக்கொண்டிருந்தார். செயலர் என் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்தாராம். கடலூர்க்காரனும் வந்துவிட்டதால் ஒன்று கூடுதலாக இருந்ததாம். மனை ஃபைலை அந்த வாரமே மூடிவிட்டார்கள். என் வேலையும் தப்பியது, ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு. ஐப்பசியில் ஏரி நிரம்பி வழிந்தபோது அஞ்சலை பொங்கல் வைத்து என்னையும் கூப்பிட்டாள். சாப்பிடும்போது மறுபடியும் ஒருமுறை திட்டினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஊரையே காப்பாற்றிவிட்டதாக ஒரு திமிர்கூட வந்துவிட்டது.

6. பச்சை அட்டை

இரண்டு வருஷம் கழித்து, பணி நிரந்தரமாகி, பழைய ஃபைல்களைக் கட்டு கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஃபைலில் பனையத்தாங்கல் என்ற பெயர் இருந்தது. வில்லியனூர்ப் பக்கத்து ஊர், எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். அங்கேயும் ஒரு ஏரி, அங்கேயும் மனைத் திட்டம். புரட்டினேன். 'ஏரியின் மதிப்பு: வீட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு ரூபாய். ஆதாரம்: அத்திமேடு ஆய்வறிக்கை.'

ஷெட்யூலைத் திருத்தினேனே தவிர அறிக்கையைத் திருத்த எனக்குத் தோன்றவில்லை. யாருக்குமே தோன்றவில்லை. பச்சை அட்டை போட்ட பிரதிகள் எந்தெந்த ஆபீஸ் அலமாரிக்கெல்லாம் போக வேண்டுமோ அங்கெல்லாம் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துவிட்டன. ஃபைலைத் தூக்கிக்கொண்டு சாரிடம் ஓடினேன்.

"பனையத்தாங்கல்ல யாரையும் கேக்கலியா சார்?"

"ஒரே மாதிரி ஏரி, ஒரே மாதிரி ஜனங்க. ஒரு ஊர்ல கண்டுபிடிச்ச விலைய இன்னொரு ஊருக்கு எடுத்துக்கலாம்மா. அதுக்கும் ஒரு மெத்தட் இருக்கு." ஃபைலை என்னிடமிருந்து வாங்கி அந்த வரியைப் படித்தார். அந்த இரண்டு எந்த இரண்டு என்று அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "அந்த ஃபைல் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சேம்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். ஏரி இருந்த இடத்தில் செம்மண் கொட்டிச் சமப்படுத்தி மனைக்கல் நட்டிருந்தார்கள். பக்கத்துக் காய்ந்த வயலில் ஒரு பெண் மாட்டுக்குப் புல் தேடிக்கொண்டிருந்தாள். ஏரியை மூடும்போது நீங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"யாரு வந்து கேட்டா எங்கள? காயிதத்தோட ஒருத்தரும் வர்லியே. கேட்டிருந்தா மராமத்துக்கு வூட்டுக்கு மூணு ஆளு குடுத்திருப்போமே" என்றாள்.

நான் யாரென்று அவளிடம் சொல்லவில்லை. சொல்ல தைரியம் இல்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன், ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பதிலாக ஒரு எண் வந்தால், 'என்ன ரெண்டு?' என்று திருப்பி ஒருதரம் கேட்டுவிட்டு எழுதுங்கள். கேட்க ஒரு நொடி ஆகும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தப்பாக எழுதிவிட்டால் உங்கள் மேஜையில் இருக்கிற தாளோடு நிறுத்தாதீர்கள், அது போன இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போய் அடித்துத் திருத்துங்கள். நான் ஒரு அலமாரிக்கும் போகவில்லை. பனையத்தாங்கலில் இப்போது நாலு தெரு இருக்கிறது.